பண்டகசாலைப் பூனையும் அதன் குட்டிகளும்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதி மிளகு, சுக்கு, ஏலம் முதலிய சரக்குகளின் வாணிகத்திற்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. காயலை ஒட்டிய பண்டகசாலைகளும் தானியக் கடைகளும் எலிகளை ஈர்ப்பன. எலியை நாடிப் பூனையும் வருகிறது. அதன் குட்டிகளோ குழந்தைகளின் மடியில் வளர்கின்றன. ஆதலின் பூனையின் சுகாதாரம் வீட்டாரின் சுகாதாரமும் ஆகும்.

தடுப்பூசி ஒரு முறை போதாதது ஏன்?

முதற்பாலின் வழியே தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குக் கிடைக்கின்றன. சில வாரங்கள் அவை குட்டியைக் காக்கும். அதே காலத்தில் தடுப்பூசி மருந்தையும் பயனற்றதாக்கிவிடும். அவை எப்போது மறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். இதனாலேயே 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி போட்டு, 16 வாரம் நிறையும் வரை 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒரு முறை திரும்பப் போடுகின்றனர். வாந்தி, கழிச்சல் கண்டு, இரத்த வெள்ளணுக்கள் குறைந்து குட்டிகள் மடியும் கொள்ளைநோயை இது தடுக்கிறது. அந்நோயின் வைரஸ் தரையிலும் சாக்கிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்க வல்லது.

வெறிநோய்

வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதன்று. வெறிநாயால் கடியுண்ட பூனையும் அதைப் பரப்பும். குட்டிக்கு 3 மாதத்தில் ஊசி போட்டு, ஓராண்டில் மீண்டும் போடுதல் வேண்டும். பின்னர் கால்நடை மருத்துவர் கூறும் காலத்தில் தொடர வேண்டும்.

பூனை கீறியதை அடிக்கு அஞ்சிக் குழந்தைகள் மறைப்பதுண்டு. மறைக்கலாகாது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் வலியுறுத்த வேண்டும். காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ தடவுதல் தவறு. தொப்புளைச் சுற்றி ஊசி போடும் பழைய முறை இன்று இல்லை, கையிலேயே போடப்படுகிறது. நோய்க்குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

புழுவும் நஞ்சும்

உருண்டைப் புழு தாய்ப்பாலின் வழியாகவும் குட்டியை அடைகிறது. ஆதலின் 3ஆம் வாரத்திலிருந்தே, எடையை நிறுத்து, அதற்கேற்ற அளவில் புழு மருந்து கொடுத்தல் நன்று. மனிதர் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும். நாய்க்குரிய, பெர்மெத்ரின் கலந்த தெள்ளுப்பூச்சி மருந்தும் பூனைக்கு ஆகாது. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனையும் நஞ்சேறி மடியலாம். ஆதலின் பண்டகசாலையில் எலிப் பாஷாணமும் பூனையும் சேர்ந்திருத்தல் ஆகாது.

இனப்பெருக்கம்

பெண் பூனை 4 அல்லது 5 மாதத்திலேயே கருவுறக்கூடும். கர்ப்பகாலம் சுமார் 9 வாரமே. ஆகவே 5 மாதத்திற்கு முன்னரே கருத்தடை அறுவை பற்றி மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

களப்பணியாளர் ஒவ்வொரு குட்டிக்கும் பிறந்த நாள், எடை, புழு மருந்து, ஊசித் தேதிகள் ஆகியவற்றை ஓர் அட்டையில் குறித்துத் தருவாராயின், அடுத்த ஊசி தவறாது.