மீக்காத் என்னும் எல்லை

ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ செல்பவர் இஹ்ராம் இன்றிக் கடக்கக்கூடாத எல்லைக்கு மீக்காத் என்று பெயர். அவை ஐந்து: துல்ஹுலைபா, ஜுஹ்பா, கர்னுல் மனாஸில், யலம்லம், தாத்து இர்க்.

முன்னாளில் நம் பினாங்கின் லெபோ ஆச்சேயில் தங்கிக் கப்பலேறிய ஹாஜிகள், கடலில் யலம்லமுக்கு நேராக வந்தபோது இஹ்ராம் கட்டினர். குளிக்கவும் உடுத்தவும் அவர்களுக்கு அவகாசம் இருந்தது. இன்றோ ஆகாய விமானம் ஜித்தாவில் இறங்குமுன் கர்னுல் மனாஸிலை நொடியில் கடந்து விடுகிறது. இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு நடுவானில் கையைப் பிசைபவரும் உண்டு. தூங்கிப் போகிறவரும் உண்டு. அப்படிக் கடந்தவர் கிரியைகளைத் தொடங்குமுன் எல்லைக்குத் திரும்பி இஹ்ராம் கட்ட வேண்டும். இல்லையேல் தம்மாக ஓர் ஆடு அறுக்க வேண்டும்.

ஆகவே நேரே ஜித்தா செல்வோர் வீட்டிலேயே குளித்து, துணியை உடுத்தி ஏறுங்கள். துணி உடுத்துவது மட்டும் இஹ்ராம் ஆகாது. மீக்காத் நெருங்கிவிட்டதென்று விமானத்தில் அறிவித்ததும் நிய்யத் வைத்துத் தல்பியா சொல்லுங்கள். பக்கத்தில் உறங்குபவரையும் எழுப்பிவிடுங்கள். முதலில் மதீனா செல்வோருக்கு இந்த அவசரமில்லை. மக்கா புறப்படும்போது பீர் அலி எனப்படும் துல்ஹுலைபாவே அவர்களுக்கு எல்லை.

அல்லாஹ் நம் யாவருடைய ஹஜ்ஜையும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.