சீனித்துளசியும் நம் தண்ணீர்ப்பந்தலும்

தம்பி, தங்கைகளே! திருவிழா வந்தால் லிங்கி தோட்டத்து இளைஞர்கள் நாங்கள் தண்ணீர்ப்பந்தல் போடுவோம். ரோஸ் சிரப் கரைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். அதை வாங்கிக் குடிப்பவர்களில் இனிப்புநீர் உள்ளவர் எத்தனை பேர்? 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு.

"அப்ப சீனிக்குப் பதிலா ஸ்டீவியா போடலாமே?" என்று வகுப்பில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி.

ஸ்டீவியா பராகுவே பக்கத்துச் செடி. அங்குள்ள குவாரனி மக்கள் அதன் இலையைப் போட்டுப் பானம் குடித்தார்கள். தமிழில் சீனித்துளசி என்கிறோம். ஆனால் அது துளசி இனமல்ல, சூரியகாந்திக் குடும்பம். இலையிலிருந்து பிரித்தெடுக்கும் இனிப்பு, சீனியைவிட 200 முதல் 300 மடங்கு தித்திக்கும்; இரத்தத்தில் சீனியை ஏற்றாது. அதைச் சுத்திகரிக்க, நம் நெகிரி செம்பிலானிலேயே பண்டார் என்ஸ்டெக்கில் ப்யூர்சர்க்கிள் நிறுவனம் ஆலை அமைத்தது.

ஆனாலும் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்.

1. சில ஸ்டீவியா பொட்டலங்களில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சீனி கலந்திருக்கும். லேபிளைப் படியுங்கள்.

2. தே தாரேக்கு ஸ்டீவியா உதவாது. அதில் ஊற்றும் டின் பாலிலேயே ஏறக்குறைய பாதி சீனிதான். வெல்லமும் சீனிதான்.

3. உடல் எடையைக் குறைக்க இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது.

இனிப்புநீர் உள்ளவர்கள் ஸ்டீவியா பற்றிக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் நாக்கையே குறைந்த இனிப்புக்குப் பழக்குவோம். பந்தலில் சிரப்பைப் பாதியாக்கி, இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்ட மோரும் வெறுந்தண்ணீரும் வைப்போம். பக்தர் தாகம் அதிலேயே தீரும்.