தண்ணீர் எடுக்காத போர்வெல்

அன்புள்ள திருச்செங்கோடு வாசகருக்கு,

ஸ்டாக்ஹோமில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் போர் போட்டதை நாள் முழுக்க ஜன்னலோரம் நின்று பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். இருபது வருஷம் ரிக் வண்டியோடு அலைந்தவர் வேறு என்ன செய்வார்! அதே ஹேமர், அதே கம்ப்ரசர் இரைச்சல், அதே கருங்கல் மாவு. (கம்ப்ரசர் செய்யும் அட்லஸ் காப்கோவே 1873இல் ஸ்டாக்ஹோமில் பிறந்த கம்பெனிதான்.) “தண்ணீர் நன்றாகவே வந்தது. மோட்டார் இறக்காமல் வெறும் பிளாஸ்டிக் குழாயை வளைத்து இறக்கி மூடிவிட்டார்கள். இதற்கா 600 அடி?” என்று கேட்டிருந்தீர்கள்.

அவர்கள் தோண்டியது சூட்டுக்காக.

எரிமலைச் சூடு என்று உங்கள் மருமகன் சொன்னது ஐஸ்லாந்துக்குச் சரி. ரெய்க்யவிக்கில் 1930இலேயே வெந்நீர் ஊற்றிலிருந்து 3 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டு, ஒரு பள்ளிக்கூடத்தையும் சில பத்து வீடுகளையும் சூடாக்கினார்கள். சுவீடன் பாறையில் அந்தக் கொதிப்பெல்லாம் கிடையாது. ஸ்டாக்ஹோம் பக்கம் அது 7, 8 டிகிரிதான். நம் கைக்குச் சில்லென்றுதான் இருக்கும்.

ஆனால் உங்கள் தோட்டத்துக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். மார்கழி விடியலில் இறைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பு. சித்திரை மதியத்தில் அதே தண்ணீர் குளுகுளு. கிணறு மாறவில்லை, வெளிக்காற்றுதான் மாறியது. பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே வெயிலும் பனியும் எட்டுவதில்லை. ஊரின் வருஷ சராசரியை ஒட்டிய வெப்பம்தான் அங்கே நிற்கும். வெளியே மைனஸ் 10 இருக்கும் ஜனவரியில் 7 டிகிரி என்பது சூடுதானே?

நீங்கள் பார்த்த குழாயில் தண்ணீரோடு எத்தனால் கலந்து ஓடுகிறது, உறையாமல் இருக்க. சாராயம்தான், ஆனால் வாயில் வைக்க முடியாத சாராயம். பூஜ்யம் டிகிரியை ஒட்டிக் கீழே போவது, பாறையிடம் மூன்று நான்கு டிகிரி வாங்கிக்கொண்டு மேலே வரும். வீட்டுக்குள் இருக்கும் ஹீட் பம்ப் அந்தச் சூட்டைத் திரட்டித் தரையடிக் குழாய்களுக்கு அனுப்பும். ஃபிரிட்ஜின் முதுகுப் பக்கம் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூடு உள்ளே இருக்கும் பாலிடமிருந்து பிடுங்கியது. அங்கே பாலுக்குப் பதில் பாறை, அவ்வளவுதான். 1 யூனிட் கரண்டுக்கு 3, 4 யூனிட் சூடு வீட்டுக்குள் வருகிறது. 1973 எண்ணெய் நெருக்கடி கற்றுத்தந்த பாடம் இது. இன்று சுவீடனில் லட்சக்கணக்கான வீடுகளில் இந்தப் பம்ப் ஓடுகிறது.

இன்னொன்று உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். போருக்கும் போருக்கும் 20 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது அங்கே வழிகாட்டு விதி. நெருங்கிப் போட்டால் ஒருவர் பாறையை மற்றவர் ஆறவைத்துவிடுவார். பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஆழமாகப் போட்டு நம் ஊற்றை இழுத்துவிட்டான் என்கிற சண்டை, அங்கே தண்ணீருக்குப் பதில் டிகிரிக்கு.

குளிர்விக்கவும் இதே வழிதான். நீங்கள் இறங்கிய ஆர்லாண்டா விமான நிலையத்தில், குளிர்காலத்தில் குளிர்ந்த நீரை நிலத்தடியில் சேர்த்துவைத்துக் கோடையில் கட்டடங்களைக் குளிர்விக்கிறார்கள். கோடையில் திரும்பும் சூட்டைச் சேமித்துக் குளிர்காலத்தில் விமானம் நிற்கும் இடத்துப் பனியை உருக்குகிறார்கள்.

“நம் வீட்டு ஏசிக்கு இதைச் செய்யலாமா, ரிக் கையிலேயே இருக்கிறதே” என்ற கேள்விக்கு வருகிறேன். செய்யலாம், செய்யாதீர்கள். நம் நிலத்தடியே 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. கத்திரி வெயில் மதியத்தில் அது லாபம்தான். ஆனால் ஏசி அதிகம் ஓடும் ராத்திரியில் வெளிக்காற்றும் கிட்டத்தட்ட அதே சூடு. அதைவிடப் பெரிய சிக்கல், வருஷம் முழுக்க நாம் மண்ணுக்குள் சூட்டைத் தள்ளிக்கொண்டே இருப்போம். திருப்பி எடுக்க நமக்குக் குளிர்காலம் ஏது? சில வருஷத்தில் உங்கள் போரைச் சுற்றியுள்ள பாறையே சூடேறிப்போகும். ஒரு வீட்டுக்கு அந்தச் செலவு கட்டாது. மாடிக்கு வெள்ளை அடியுங்கள்.

எனக்காக ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அடுத்த தடவை தண்ணீர் பீறிடும்போது, குழி ஆழத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு வாளி பிடித்து அதில் தெர்மாமீட்டரை வையுங்கள். இரண்டு எண்ணையும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.