எட்டாம் எண் ஊசி

குன்னூர்.

கோபிநத்தத்தில் இருக்கும், மகள் போன்ற உனக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கூடவே நீ அனுப்பியிருந்த குழந்தைக் குல்லாவை இரண்டு மூன்று முறை கையில் எடுத்து, உள்ளும் புறமும் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணிகளை எண்ணிப் பார்த்த பிறகே பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்; ஏனெனில் நீ கேட்டிருக்கும் கேள்விக்கு உன் கடிதத்தைக் காட்டிலும் அந்தக் குல்லாவே அதிக விவரம் சொல்லிற்று. மேட்டூரில் ஒரு கடையில் பெட்டிக்குள் பளபளவென்று அடுக்கிவைத்த பின்னல் ஊசிகளைக் கண்டதாகவும், அலுமினியம், எஃகு, மரம், மூங்கில், பிளாஸ்டிக் என்று அவற்றில் ஐந்து ஜாதி இருந்ததாகவும், எது உசத்தி என்று நான் சொல்லிவிட்டால் மூன்று மாதம் பணம் சேர்த்தாவது அதையே வாங்கிவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். நாற்பது வருஷம் பள்ளிப் பெண்களுக்குக் கைவேலை கற்பித்த என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத மாணவி கிடையாது. அப்போதெல்லாம் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேனே என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த வெட்கத்துக்கு மூலகாரணமான கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில், பழைய புஸ்தகக் கடையில் கிடைத்த அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஆண்களுக்கான அழகான ஸ்வெட்டர் ஒன்றைப் பார்த்து, என் கணவருக்கு அதைப் பின்னித் தருவதென்று சங்கற்பம் செய்துகொண்டேன். எட்டாம் எண் ஊசி வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. என்னிடம் எட்டாம் எண் ஊசி இருந்தது. அதுவும் சாமானிய ஊசியல்ல. எங்கள் மலையிலேயே, கேத்திப் பள்ளத்தாக்கில், 1949-இல் தோன்றிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியார் செய்து 'போனி' என்ற முத்திரையோடு விற்கும் ஊசி. பத்திரிகையில் கண்டபடியே, உடலைச் சுற்றி நாற்பது அங்குலம் வருவதற்கு, அங்குலத்துக்கு நாலரைக் கண்ணி வீதம் நூற்றெண்பது கண்ணிகள் கணக்கிட்டு, இரண்டு மாதம் இரவு பகலாகப் பின்னி, ஓரங்களைத் தைத்து அவரிடம் கொடுத்தேன். அவர் தலையை நுழைத்தார், தோள் நுழையவில்லை. சுற்றளவு முப்பத்து மூன்று அங்குலம்கூட இல்லை. அந்த மார்கழியில் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தவன் அடுத்த வீட்டுப் பையன்.

ஊசியிலும் பிழையில்லை, பத்திரிகையிலும் பிழையில்லை. இங்கிலீஷ்காரர்கள் கம்பியின் பருமனுக்கு இட்ட எண்களையே ஊசிக்கும் இட்டார்கள். அந்தக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும். பதினான்காம் எண் 2 மில்லிமீட்டர். பத்தாம் எண் 3.25, எட்டாம் எண் 4. நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய கணக்கு இதுதான். அமெரிக்கர் கணக்கிலோ எண் ஏற ஏற ஊசி பருக்கும். அவர்களுடைய எட்டு 5 மில்லிமீட்டர், பத்து 6 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அங்குலத்துக்கு நாலரைக் கண்ணி விழ வேண்டிய இடத்தில் எனக்கு ஐந்தரை விழுந்தது. பின்னத் தொடங்குமுன் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு பின்னி, அளவுகோலை வைத்துப் பார்த்திருந்தால் கால்மணி நேரத்தில் தெரிந்திருக்கும். எண்ணை நம்பியதால் இரண்டு மாதம் போயிற்று.

பெயரும் எண்ணும் பிறர் இடுவன என்பதைக் கோபிநத்தத்துக்காரியான உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோபிநத்தம் கொள்ளேகால் தாலுகாவோடு சேர்ந்து 1956 வரை சென்னை ராஜ்யத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு மைசூர் ஜில்லா ஆயிற்று. 1997 முதல் சாமராஜநகர் ஜில்லா. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. பாலாறு காவிரியில் கலக்கும் இடமும் மாறவில்லை. உங்கள் வீட்டுத் தமிழும் மாறவில்லை. வெளியூரார் உன் ஊரின் பெயரைக் கேட்டதும் காட்டில் ஒளிந்து வாழ்ந்த ஒருவனை மட்டுமே நினைக்கிறார்கள். 1991-இல் அவன் கையால் உயிரிழந்த வன அதிகாரி ஸ்ரீநிவாஸை உங்கள் ஊரார் இன்றளவும் போற்றி வருவது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மேலே ஒட்டிய சீட்டைப் படிப்பவன் உள்ளே இருப்பதை அறிந்தவன் ஆகமாட்டான்.

இந்தக் காலத்து ஊசிகளில் மில்லிமீட்டர் கணக்கையே போடுகிறார்கள். அது பொய் சொல்லாது. ஆனாலும் அது ஊசியின் பருமனே அன்றி உன் கையின் இறுக்கம் அல்லவே. ஒரே 4 மில்லிமீட்டர் ஊசியைக் கொடுத்து ஒரே நூலில் நான்கு பெண்களைப் பின்னச் சொன்னால் நான்கு அகலத்தில் துணி வரும் என்பதை வகுப்பறையில் வருஷந்தோறும் கண்டிருக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓடும் வட்ட யந்திரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. முப்பது அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு இருபத்து நான்கு வீதம், அதில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் நிற்கும். 1847-இல் மாத்யூ டௌன்செண்ட் என்ற இங்கிலீஷ்காரர் உரிமை பெற்ற, நாக்கு வைத்த கொக்கி ஊசியின் சந்ததி அவை. யந்திரத்துக்குக் கோபமும் களைப்பும் இல்லையாகையால் முதல் கண்ணியும் லட்சத்தோராவது கண்ணியும் ஒன்றுபோல விழும். நமக்கோ, காலையில் விழுகிற கண்ணி வேறு, பிள்ளை அழும்போது விழுகிற கண்ணி வேறு. ஆகவே கைப்பின்னல்காரிக்கு ஊசியைத் தேர்ந்தெடுப்பது என்பது தன் கையைத் தானே அறிந்துகொள்வதைத் தவிர வேறில்லை.

இனி உன் குல்லாவுக்கு வருகிறேன். அதன் உட்புறத்தில் வரிசைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, நடுநடுவே மெல்லிய வாய்க்கால்போல இடைவெளி விட்டிருப்பதைக் கவனித்தாயா? நேர்ப்பின்னல் வரிசையை நீ இறுக்கியும் எதிர்ப்பின்னல் வரிசையை நெகிழ்த்தியும் போடுகிறாய். இது அநேகருக்கு உள்ள சுபாவம். இதற்காகக் கையைத் திட்டிக்கொள்ள வேண்டாம். எதிர்ப்பின்னல் வரிசைக்கு மட்டும் கால் அல்லது அரை மில்லிமீட்டர் மெலிந்த ஊசியை வலக்கையில் பிடித்துக்கொள். ஜோடி ஊசி என்றால் இரண்டும் ஒரே பருமனாக இருந்தே தீரவேண்டும் என்று எந்த சாஸ்திரமும் விதிக்கவில்லை.

ஐந்து ஜாதிகளைப் பற்றிக் கேட்டாய். ஒவ்வொன்றும் ஒரு நூலுக்கு நண்பன், மற்றொரு நூலுக்கு விரோதி. வழுக்கும் நூலுக்குப் பிடித்து நிற்கும் ஊசியும், பிடிவாதமான நூலுக்கு வழுக்கும் ஊசியும் வேண்டும் என்பதே இதில் உள்ள ரகசியம். கொள்ளேகால் பக்கத்தில் கிடைக்கும் பட்டு நூலை எடுத்து அலுமினிய ஊசியில் ஏற்றிப் பார்; நீ திரும்பிப் பார்ப்பதற்குள் பத்துக் கண்ணி நழுவி மடியில் கிடக்கும். அதே பட்டை மூங்கில் ஊசியில் ஏற்றினால் சாதுவாக உட்கார்ந்திருக்கும். சொரசொரப்பான கம்பளி நூலுக்கோ மூங்கில் வேகத்தைக் குறைக்கும். அதற்கு உலோகமே நல்லது. பருத்தி நூல் இழுபட்டு நெகிழாது, கனமோ அதிகம். கம்பளி செய்யும் உபகாரத்தை அது செய்யாதாகையால் மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும். லேசான ஊசியாக எடுத்துக்கொள். முனையையும் பார்க்க வேண்டும்: நூலின் புரிகள் எளிதில் பிரியுமானால் மழுங்கிய முனையும், ஓட்டைவேலை நிறைந்த மெல்லிய சால்வையானால் கூரிய முனையும் உதவும். உங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்க்கும்போது, மேற்பூச்சுத் தேய்ந்த அலுமினிய ஊசி வெள்ளை நூலில் சாம்பல் கறையை ஏற்றிவிடும். எங்கள் ஐப்பசி மழையிலோ மூங்கில் ஈரம் குடித்துக் கண்ணியை நகரவிடாது. ஆகவே எனக்கு உசத்தி உனக்கு உசத்தி ஆகாது.

வடிவத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. குமிழ் வைத்த நேர் ஊசியில் குல்லாவைத் தட்டையாகப் பின்னிப் பின்புறம் தைத்திருக்கிறாய். பச்சைக் குழந்தை மல்லாந்தே படுத்திருக்கும், அந்தத் தையல் அதன் பிடரியை உறுத்தாதா? இருமுனை ஊசிகள் ஐந்து வாங்கி, நான்கில் கண்ணிகளைப் பங்கிட்டு ஐந்தாவதால் பின்னினால் தையலே இல்லாமல் குல்லா உருண்டு வரும். சால்வைக்கு, இரண்டு முனைகளுக்கும் நடுவே நைலான் கயிறு கோத்த வட்ட ஊசியை வாங்கு. 80 சென்டிமீட்டர் நீளம் போதும். அதைக்கொண்டு வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்பதில்லை. வரிசை முடிந்ததும் திருப்பித் தட்டையாகவும் பின்னலாம். துணியின் பாரம் ஊசிமுனையில் தொங்காமல் மடியில் கிடக்கும். மேட்டூர் பஸ்ஸில் பின்னினாலும் பக்கத்தில் உட்கார்ந்தவரின் விலாவைக் குத்தாது.

பெட்டி முழுவதையும் வாங்காதே. 3.25, 4, 5 மில்லிமீட்டரில் ஒவ்வொரு ஜோடி, 4 மில்லிமீட்டரில் ஒரு வட்ட ஊசி, குல்லாவுக்கு இருமுனை ஊசிகள்: இவ்வளவே இந்த வருஷத்துக்கு. மூங்கில் ஊசியைக் கடையில் தேடவே வேண்டாம். உன் தந்தையார் ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுபவர், பரிசல் முடையவும் தெரிந்தவர் என்று எழுதியிருந்தாயே. காட்டு மூங்கிலைத் தொடாதே. உங்களைச் சுற்றியுள்ள வனம் 1987 முதல் காவேரி சரணாலயம். பட்டா நிலத்து வரப்பில் வளர்ந்த மூங்கில் போதும். 2017-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து காட்டுக்கு வெளியே வளர்கிற மூங்கில் மரக் கணக்கில் சேர்வதில்லை. நன்றாக முற்றி உலர்ந்த கல்மூங்கிலைப் பிளந்து, தோலை ஒட்டிய கெட்டியான பாகத்தை மட்டும் எடுத்து, கத்தியால் உருட்டிச் சீவி, 4 மில்லிமீட்டர் துளையிட்ட தகட்டில் சிக்காமல் நுழையும்வரை உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் தேன்மெழுகு தடவித் துணியால் அழுத்தித் துடை. பிறகு பழைய நைலான் சேலைத் தலைப்பை ஊசியின்மேல் மெதுவாக இழுத்துப் பார்; எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு நூலுக்குத் தெரியும்.

சீவும்போது உன் தந்தையாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பரிசலுக்கு எந்தப் பட்டை ஆகும், எது ஆகாது என்பதை அவர் எப்படி அறிகிறார் என்று கேள். அளவுகோலை எடுக்கமாட்டார், பட்டையைக் கையில் வளைத்துப் பார்ப்பார். ஆற்றில் பிராணனோடு விளையாடும் தொழிலுக்கே அந்தப் பரீட்சை பிரமாணமாக இருக்கிறதென்றால் நம் தொழிலுக்கு மட்டும் ஏன் ஆகாது? வளைத்துப் பார்ப்பது அவருக்கு எப்படியோ, மாதிரித் துண்டு பின்னிப் பார்ப்பது நமக்கு அப்படி.

ஆகையால் ஒரு காரியம் செய். கையில் இருக்கும் ஒரே பருத்தி நூலில், மூன்று ஊசிகளால், முப்பது முப்பது கண்ணி ஏற்றி மூன்று துண்டுகள் பின்னி, தண்ணீரில் நனைத்து நிழலில் உலர்த்தி எனக்கு அனுப்பு. நனைக்காமல் அளந்த பருத்தி நாளைக்கு வேறு அளவு சொல்லும். எந்தத் துண்டு எந்த ஊசியில் பின்னியது என்று எழுதாதே. ஒரு சீட்டில் குறித்து உன்னிடமே வைத்துக்கொள். கண்ணிகளைப் பார்த்து நான் சொல்கிறேன். தோள் நுழையாத அந்த ஸ்வெட்டரைப் பின்னிய எட்டாம் எண் ஜோடி இன்னும் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. நான் தவறாகச் சொன்னால் அதை உனக்கே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் கோரும்
கைவேலை ஆசிரியை