முதலில் குக்கரில், பிறகு தீயில்
கேஸ் பார்பிக்யூ அடுப்பில் ஆட்டு விலா எலும்பு சுடுவது எப்படி? மூத்த குடிமக்களுக்கான வழிகாட்டி

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, பேரப்பிள்ளையின் பிறந்தநாள், பள்ளி விடுமுறை என்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்போது பல வீட்டு வாசலில் கேஸ் பார்பிக்யூ அடுப்பு வந்துவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வசிப்பவர்கள்கூட கிள்ளானிலோ காஜாங்கிலோ தரை வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்க் கூடி உண்கிறார்கள். கோழி, சாத்தே இவற்றோடு ஆட்டு விலா எலும்பும் சுடப்படுகிறது.

விறகு அடுப்பும் கரி அடுப்பும் நமக்குப் பழக்கமானவை. கேஸ் பார்பிக்யூ வேறு மாதிரி. தீ ஒரு நொடியில் ஏறும், கேஸ் கண்ணுக்குத் தெரியாது, இறைச்சி வெளியே கருகி உள்ளே வேகாமல் போகும். வயது கூடும்போது மூக்கின் மோப்பமும் கைகால்களின் உணர்வும் குறைவதால் ஆபத்தும் கூடுகிறது.

இந்த வழிகாட்டியில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இறைச்சியை வேக வைப்பது குக்கரின் வேலை, மணமும் நிறமும் கொடுப்பது மட்டுமே தீயின் வேலை. இப்படிப் பிரித்துச் செய்தால் இறைச்சி மென்மையாகும், கருகாது, கொழுப்பு குறையும், நீங்கள் வெப்பத்தில் நிற்கும் நேரமும் குறையும்.

ஏன் கவனம் தேவை?

2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் உள்ளது. மூவரில் ஒருவருக்கு இரத்தத்தில் கொழுப்பு அதிகம். உயர் இரத்த அழுத்தமும் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கிறது. விலா எலும்பில் கொழுப்பு அதிகம். கடையில் விற்கும் பார்பிக்யூ சாஸில் சீனியும் உப்பும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் ஒரே வேளையில் அளவு மீறிவிடும்.

இறைச்சி நேரடித் தீயில் கருகும்போதும், கொழுப்பு தீயில் சொட்டி எழும் புகை இறைச்சியில் படியும்போதும், புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய சில இரசாயனங்கள் உண்டாகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் ஆடு, மாடு போன்ற சிவப்பு இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் சேர்த்தது. அதற்காகத் தொடவே கூடாது என்பதில்லை. எப்போதாவது, அளவோடு, கருகாமல் உண்ண வேண்டும்.

வாங்கும்போதும் வீட்டுக்கு வந்ததும்

• உறைந்த இறைச்சியை மேசைமேல் வைத்து இளக்காதீர்கள். முதல் நாளே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், ஒரு பாத்திரத்துக்குள் வைத்து இளக விடுங்கள்.
• ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும் கொழுப்பைக் கத்தியால் வெட்டி எடுங்கள். எலும்பின் பின்புறம் உள்ள மெல்லிய சவ்வையும் உரித்துவிட்டால் மசாலா உள்ளே இறங்கும்.
• இறைச்சியைக் கழுவினால் குழாயடியில் நீர் தெறிக்க விடாமல், பாத்திரத்தில் மெதுவாகக் கழுவுங்கள். பிறகு தொட்டியையும் கைகளையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.
• பச்சை இறைச்சிக்கு ஒரு பலகை, கத்தி, தட்டு. சமைத்ததற்கும் காய்கறிக்கும் வேறு.

மசாலா: 1 கிலோ விலா எலும்புக்கு (4 பேர்)

இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக்கரண்டி, மல்லித் தூள் 1 மேசைக்கரண்டி, மிளகுத் தூள், சோம்புத் தூள் தலா 2 தேக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, கெட்டியான புளிக்கரைசல் 2 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, உப்பு 1 தேக்கரண்டி (தலைதட்டி அளந்தது).

ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு மொத்தமாக 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப்பிலேயே சுமார் 2 கிராம் உப்பு உண்டு. ஆகவே உப்புப் போட்டால் கிச்சாப் வேண்டாம். கிச்சாப் ஊற்றினால் உப்பைக் குறையுங்கள். புளியும் எலுமிச்சையும் மிளகும் உப்புக் குறைவை நாக்குக்குத் தெரியாமல் ஈடுகட்டும்.

‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பவற்றில் பொட்டாசியம் இருக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும்.

மசாலா தடவிய இறைச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் 2 மணி நேரம் ஊற விடுங்கள். பச்சை இறைச்சி ஊறிய மசாலாவைச் சமைத்த இறைச்சியின்மேல் மீண்டும் பூசக்கூடாது. பூசுவதற்கென்று கொஞ்சம் மசாலாவை முன்கூட்டியே தனியாக எடுத்து வையுங்கள்.

முதல் கட்டம்: குக்கரில்

1. ஊறிய விலா எலும்பைக் குக்கரில் போட்டு ஒரு கப் தண்ணீர் ஊற்றுங்கள்.
2. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம் வேக விடுங்கள். முற்றிய ஆடாக இருந்தால் இன்னும் 10 நிமிடம்.
3. அழுத்தம் தானாக அடங்கிய பிறகு திறங்கள். சதை எலும்பிலிருந்து சற்று விலகி, முள்கரண்டி எளிதாக இறங்க வேண்டும். பல்செட் அணிந்தவர்களுக்கு இந்தப் பதமே ஏற்றது.

முதல் நாளே வேக வைத்தால் இன்னும் நல்லது. அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் மேலே வெள்ளையாக உறைந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்து எறியலாம்.

அரைவேக்காட்டில் எடுத்து வைத்து, பிறகு சுட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அரைகுறைச் சூட்டில் கிருமிகள் சாகாமல் பெருகும். குக்கரிலேயே முழுதாக வேக வேண்டும்.

அடுப்பைப் பற்ற வைக்கும் முன்

• அடுப்பு திறந்தவெளியில், சுவர், திரைச்சீலை, கார் இவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும். மாலையில் மழை வந்தால் அடுப்பை வீட்டுக்குள்ளோ மூடிய முகப்புக்குள்ளோ நகர்த்தாதீர்கள். அடைபட்ட இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு மணமே கிடையாது. மழை வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, மீதியைச் சமையலறையில் தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளலாம். அடுக்குமாடி வீட்டின் மாடத்தில் பார்பிக்யூ வேண்டவே வேண்டாம்.
• கேஸ் தோம்பு நிமிர்ந்து நிற்க வேண்டும். குழாயிலும் ரெகுலேட்டரிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா, வெடிப்பு உள்ளதா என்று பாருங்கள்.
• கேஸுக்கு மணம் சேர்த்திருப்பது கசிவை நாம் உணர்வதற்காகத்தான். ஆனால் வயதானால் மோப்ப சக்தி குறையும். மூக்கை மட்டும் நம்பாமல், சவர்க்கார நீரைக் குழாயிலும் இணைப்பிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிகிறது, வால்வை மூடிவிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. அது தரையில் படர்ந்து கால்வாயிலும் பள்ளத்திலும் தங்கும்.
• தொளதொளப்பான சட்டை, தொங்கும் சேலைத் தலைப்பு, துண்டு வேண்டாம். மூடிய காலணி அணியுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடான கொழுப்புத் துளி பட்டாலும் தெரியாது.

இரண்டாம் கட்டம்: தீயில்

1. அடுப்பின் மூடியை முதலில் திறங்கள். மூடியபடி பற்ற வைத்தால் உள்ளே தேங்கிய கேஸ் முகத்தில் வெடித்துச் சீறும்.
2. தோம்பின் வால்வை மெதுவாகத் திறந்து, ஒரு பக்கப் பொத்தானை மட்டும் திருப்பிப் பற்ற வையுங்கள். 5 விநாடிக்குள் பற்றவில்லை என்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டு 5 நிமிடம் காத்திருங்கள்.
3. பற்றியதும் மூடியை மூடி 10 நிமிடம் சூடேற்றுங்கள். கம்பித் தட்டைத் தேய்க்க, முள்கரண்டியில் குத்திய பாதி வெங்காயம் போதும். கம்பித் தூரிகையின் முள் உதிர்ந்து உணவில் ஒட்டக்கூடும்.
4. விலா எலும்பைத் தீ இல்லாத பக்கத்தில் அடுக்கி, மூடியை மூடி 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததாக இருந்தால் நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடேற வேண்டும். இறைச்சி வெப்பமானி இருந்தால் 70 பாகை செல்சியஸுக்குக் குறையக்கூடாது.
5. கடைசியில் தீயுள்ள பக்கத்துக்கு மாற்றி, ஒவ்வொரு புறமும் 2 நிமிடம். இனிப்புச் சாஸ் பூச விரும்பினால் இந்த நேரத்தில் மெல்லியதாகப் பூசுங்கள். முன்பே பூசினால் சீனி கருகிவிடும்.
6. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். இறைச்சியை மறுபக்கம் நகர்த்திப் பொத்தானை மூடுங்கள்.
7. முடிந்ததும் தோம்பின் வால்வை மூடுங்கள். குழாயில் எஞ்சிய கேஸ் எரிந்து தீ அணைந்ததும் பொத்தான்களையும் மூடுங்கள்.

கருகிய ஓரம் இருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் பரிமாறுங்கள்.

தட்டில் எவ்வளவு?

சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறையை நினைவில் கொள்ளுங்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு இறைச்சி, அரைப் பங்கு காய்கறியும் பழமும். மூத்தோருக்கு 2 அல்லது 3 விலாத் துண்டு போதும். வெள்ளரி, தக்காளி, வெங்காயம், அன்னாசி சேர்த்த பச்சடி நல்ல துணை. இனிப்புப் பானத்துக்குப் பதிலாகத் தண்ணீர் அல்லது சீனி இல்லாத எலுமிச்சைச் சாறு. பல்செட் உள்ளவர்களும் விழுங்கச் சிரமப்படுபவர்களும் சதையை எலும்பிலிருந்து பிரித்துச் சிறு துண்டாக்கி உண்ணுங்கள். சிலும்பு எலும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சமைத்த இறைச்சியை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெயிலில் வைத்திருந்தால் 1 மணி நேரமே எல்லை.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க

விருந்தில் சாப்பாடு 1 மணிக்கு என்பார்கள், 3 மணிக்குத்தான் வரும். காலையில் மாத்திரை போட்டு அல்லது இன்சுலின் குத்திக்கொண்டு, வெறும் வயிற்றில் அடுப்பருகே நின்றால் இரத்தத்தில் சீனி அளவு திடீரென இறங்கும். ஆகவே:

• வழக்கமான நேரத்துக்குச் சிறிதளவாவது உண்டுவிடுங்கள்: இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ.
• உணவுக்கு முன் போடும் இன்சுலினைச் சாப்பாடு தயாரான பிறகே போடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் சுகாதாரக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.
• நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வந்தால், அல்லது அளவு 4-க்குக் கீழே இருந்தால், உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள்.
• மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 999 அழையுங்கள்.

சுட்டுக்கொண்டால்

காயத்தை ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வீக்கம் வருமுன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். பற்பசை, கிச்சாப், மஞ்சள், வெண்ணெய், ஐஸ் எதையும் வைக்காதீர்கள். அவை புண்ணை மோசமாக்கும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை, பாதம் சுட்டாலும், நீரிழிவு உள்ளவருக்கு எந்த இடத்தில் சுட்டாலும், அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

கேஸ் கசிந்தால்: தீ மூட்டாதீர்கள், மின்விசையைத் தொடாதீர்கள். முடிந்தால் வால்வை மூடிவிட்டு எல்லாரையும் வெளியே அழைத்துப் போய், அங்கிருந்து 999 அழையுங்கள்.

பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்

தோம்பைத் தூக்குவதையும் அடுப்பைப் பற்ற வைப்பதையும் இளையவர்களிடம் விடுங்கள். மசாலாவின் பக்குவமும் குக்கரின் பதமும் உங்கள் கையில் இருக்கட்டும். இந்த வழிகாட்டியைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்து, அடுத்த விருந்துக்கு முன் வீட்டாரோடு சேர்ந்து ஒருமுறை படியுங்கள்.