மஞ்சள் ஒன்று, கிருமி பல

நம் ஊரில் மஞ்சட்காமாலை என்றால் அடுத்த சொல் கீழாநெல்லி. சென்ற ஆண்டு யஷ்வந்தபுரத்தில் ஒரே வீட்டு மாடியில் குடியிருந்த தமிழ் மாணவர் நால்வரில் மூவருக்குக் கண் மஞ்சளித்தது. இருவர் அன்றிரவே தருமபுரிப் பேருந்தில் ஏறிவிட்டனர். மூன்றாமவன் நான். கீழாநெல்லி அரைத்துத் தர ஆளில்லாமையால் மருத்துவமனைக்குப் போனேன். சிறிது குருதி எடுத்தார்கள்.

எதற்கு இந்தக் குருதி? ஈரலைத் தாக்கும் வைரஸ்களில் ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து முதன்மையானவை. கண்ணில் தோன்றும் மஞ்சளோ எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஏ, ஈ இரண்டும் பெரும்பாலும் மாசடைந்த நீரில் வருபவை. மற்றவை குருதி வழியே பரவுபவை. ஆகவே கிணற்றை ஆராய்வதா, ஊசியை ஆராய்வதா என்பது கிருமியின் பெயர் தெரிந்தால்தான் விளங்கும். கிருமி புகுந்ததும் உடல் முதலில் ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. எலிசா சோதனையில் அது தென்பட்டால் நோய் அண்மையில் தொற்றியது என்று கொள்ளலாம்.

பெயர் தெரியாமற் போனதற்குத் தில்லியே சான்று. 1955ஆம் ஆண்டு யமுனை வெள்ளத்தையடுத்து, நஜஃப்கர் வடிகாலின் கழிவு நீர் வசீராபாத் நீரேற்று நிலையத்தில் கலந்தது. குளோரின் மிகுதியாக இடப்பட்டது. பாக்டீரியா நோய்கள் அடங்கின, வைரஸ் அடங்கவில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சட்காமாலையுற்றனர். அது ஏ வகை என்றே உலகம் கால் நூற்றாண்டு நம்பிற்று. நற்பேறாக, நோயாளர் சிலரின் சீரம் அழியாமல் பாதுகாக்கப்பட்டிருந்தது. 1980இல் அதைச் சோதித்தபோது ஏயும் அன்று, பியும் அன்று என்பது புலனாயிற்று. சோவியத் அறிஞர் பலாயன் நோயாளரின் மலச்சாற்றைத் தாமே அருந்தி நோயுற்று, அந்தப் புதுக் கிருமியை 1983இல் கண்டுகாட்டினார். (அத்தகைய துணிவு எனக்கில்லை.) அதுவே ஈ.

என் குருதியில் தெரிந்ததும் ஈதான். தாளைப் படித்த மருத்துவர் முதலில் கேட்டது என் உடல்நிலையை அன்று, "வீட்டில் கர்ப்பிணி யாரேனும் உண்டா?" என்பதையே. நிறைமாதம் நெருங்கும் கர்ப்பிணிகளை இக்கிருமி தாக்கினால், நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர்வரை மாண்டுபோவதுண்டு. கீழ்வீட்டு அம்மாளின் மகள் பிரசவத்திற்கு வந்திருந்தாள். குடிப்பது நாங்கள் குடித்த அதே சம்புத் தண்ணீர். அன்றே அவளுக்கும் குருதிச் சோதனை நடந்தது, ஐ.ஜி.எம். இல்லை. அன்று முதல் அவளுக்குக் காய்ச்சிய நீர்தான். சம்பை ஒட்டிச் சென்ற கழிவுக்குழாய் விரிந்திருந்ததும் பிறகு தெரிந்தது.

ஆய்வுக்கூடம் அனுப்பிய கணக்கில் எங்கள் வீட்டுக்கு எழுதப்பட்ட எண் ஒன்று. உண்மையில் மூன்று. மற்ற இருவரும் பெங்களூர்க் கணக்கிலும் இல்லை, தருமபுரிக் கணக்கிலும் இல்லை. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் நம்மவர் எத்தனை பேர் இவ்வாறு பேருந்தேறி மறைகிறார்களோ!

ஒரு மாதம் கழித்து இருவரும் தெளிந்த கண்களோடு திரும்பினர். "உங்களுக்கு வந்தது எந்தக் கிருமி?" என்று கேட்டேன்.

"மஞ்சட்காமாலைதான்டா" என்றான் ஒருவன்.