விதானத்து மலர்கள்

திருக்கோயிலுள் புகுவோர் தூண்களைக் காண்பர். சுவர்ச் சிற்பங்களைக் கண்டு வியப்பர். தலையை உயர்த்தி மேலே நோக்குவோர் சிலரே. கூரையின் உட்புறத்தை விதானம் என்பர். பண்டைச் சிற்பியர் தம் கைத்திறனை விதானத்திலும் நிறுத்திச் சென்றுள்ளனர்.

சேலத்திற்கு மேற்கே தாரமங்கலம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கைலாசநாதர் கோயில், கெட்டி முதலிகள் என்னும் குறுநிலத் தலைவரின் திருப்பணியால் சிறப்புற்றது. அதன் கல் விதானத்தில் தாமரை மலர் ஒன்று இதழ் விரித்துக் கீழ்நோக்கி நிற்கின்றது. கிளிகள் தலைகீழாகத் தொங்கி அதன் இதழ்களைக் கொத்துகின்றன. கற்சங்கிலிகளும் ஆங்குக் காணப்படும். மண்ணும் மரமும் ஒட்டுதற்கு இசையும், கல்லோ இசையாது. ஓர் இதழ் உடைந்தாலும் பலநாள் உழைப்பு வீணாகும். பெருங்கற்களைத் தூணும் போதிகையும் உத்திரமும் தாங்க, அக்கல்லிலேயே மென்மலரை மலர்வித்த திறம் போற்றத்தக்கது.

விதானத்தின் நடுவே மலர் அமைக்கும் வழக்கம் பிற நாட்டினர்க்கும் உண்டு. சிரியா நாட்டுப் பாலைவனத்தில் பால்மைரா என்னும் பழம்பதி உள்ளது. அங்கே கி.பி. 32-ஆம் ஆண்டில் பேல் என்னும் கடவுளுக்கு ஒரு கோயில் படைக்கப்பட்டது. அக்கோயிலின் தென்புற அறை விதானத்தில், நடுவே ஒரு பெருமலரும் அதனைச் சூழக் கோடுகளால் அமைந்த கட்டங்களும் செதுக்கப்பட்டிருந்தன. 1751-ஆம் ஆண்டில் இராபர்ட்டு உட் என்பவரும் அவர்தம் தோழர் சேம்சு டாக்கின்சும் அங்குச் சென்றனர். உடன் வந்த ஓவியர் போரா என்பவரைக் கொண்டு இடிபாடுகளை அளந்து வரைவித்தனர். அப்படங்கள் 1753-இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன.

அக்காலத்தில் ஐரோப்பியர் உள்ளத்தில் பழமையின்பால் பெருவேட்கை எழுந்திருந்தது. எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெயி நகரின் அகழ்வு 1748-இல் தொடங்கியது. பழங்கிரேக்க, உரோமானியக் கலைகளைக் கற்று அவ்வழியே புதியன படைக்கும் நெறி தோன்றிற்று. அதனைப் புதுச் செவ்வியல் என்பர். அந்நெறியில் தலைசிறந்தவர் இராபர்ட்டு ஆடம் (1728–1792). இவர் உரோமில் தங்கிப் பயின்றார். 1757-இல் தயோக்கிளீசியன் என்னும் பேரரசனது அரண்மனையின் இடிபாடுகளை நேரிற்சென்று ஆராய்ந்தார். பின்னர் 1764-இல் அவற்றைப் படங்களுடன் நூலாக்கினார்.

இலண்டனுக்கு அருகிலுள்ள ஆசுட்டர்லி மாளிகையில் ஒரு கூடத்திற்கு விதானம் அமைக்கும் பணி ஆடமுக்கு வாய்த்தது. உட் வெளியிட்ட பால்மைரா விதானப் படத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஆயினும் அதனை அவ்வாறே பெயர்த்தமைத்தாரல்லர். கல்லிற்கு மாறாகச் சுதையில் வடித்தார். வண்ணமும் பொன்னும் பூசுவித்தார். விதானத்திற்கு இயைந்த கம்பளமொன்றைக் கீழே விரிக்கவும் வகைசெய்தார். பழமை அவர்க்கு விலங்காகவில்லை, விளக்காயிற்று.

2015-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் தீவிரவாதிகள் பேல் கோயிலை வெடிவைத்துத் தகர்த்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வெயிலையும் காற்றையும் தாங்கிய விதானம் ஒரே நாளில் பொடியாயிற்று. கல் அழிந்தது, எனினும், உட் அளந்து வெளியிட்ட படம் அழியவில்லை. அப்படத்தினின்று பிறந்த ஆசுட்டர்லி விதானமும் இன்றளவும் நிற்கின்றது. பாலைவனத்தில் அளவுகோலும் எழுதுகோலும் செய்த பணியின் பயன் இது.

கலைப்பொருளை அழிப்பது வெடிமருந்து மட்டுமன்று. விளக்குப் புகை நாள்தோறும் படிந்து மலரின் இதழ்களை மறைக்கும். மேன்மேலும் பூசப்படும் சுண்ணாம்பும் வண்ணமும் சிற்பத்தின் நுண்கோடுகளை மூடும். எல்லாவற்றினும் கொடியது காண்பாரின்மை. ஒருவரும் நோக்காத மலர் சிதைந்தாலும் அதனை அறிவார் இலர்.

எனவே, கோயிலுக்குச் செல்லும் மாணவர் சிறிது நேரம் நின்று மேலே நோக்குதல் வேண்டும். மலரின் இதழ்களை எண்ணுதல் வேண்டும். கண்டதைத் தாளில் வரைந்து, நாளும் இடமும் குறித்து வைத்தல் வேண்டும். அங்ஙனம் வரைந்த ஒரு தாள் பின்னாளில் ஒரு சிற்பத்தை மீட்டுத் தரவும் கூடும். முன்னோர் கல்லில் மலர்வித்ததை வாடாமற் காப்பது வழிவந்தோர் கடனாகும்.